699 ரூபாய்க்குப் பூத்துக்குளி கிடைக்குமா? மலைக் கைவினைப் பரிசுகளை ஆன்லைனில் வாங்கும் முன்

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் எம்ப்ராய்டரி போட்ட பூத்துக்குளி சால்வை 699 ரூபாய் என்று இன்ஸ்டாவில் விளம்பரம் வந்தால், நிற்காமல் தள்ளிவிட்டுப் போங்கள். அதே எம்ப்ராய்டரியில் ஒரு புக்மார்க் 150 ரூபாய் என்று வந்தால் நின்று பார்க்கலாம். நீலகிரி, கொடைக்கானல் கைவினையில் மலிவான பொருள் நிறையவே இருக்கிறது. ஆனால் அது சின்னப் பொருளாகத்தான் இருக்கும். பெரிய பொருள் மலிவாக வருகிறதென்றால், ஒன்று அது மெஷின் வேலை, இல்லையென்றால் யாரோ ஒருவர் கூலி இல்லாமல் உட்கார்ந்து செய்திருக்கிறார்.

கணக்கு எளிது. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். ஊசி பிடித்துக் கண்ணைக் கசக்கும் வேலைக்கு அதைவிடக் குறைவாகக் கொடுப்பதை யாரும் நியாயம் என்று சொல்ல மாட்டார்கள். நெருக்கமாக வேலைப்பாடு செய்த ஒரு முழுச் சால்வை வாரக்கணக்கில் இழுக்கும். 20 நாள் என்று வைத்துக்கொண்டாலும் கூலி மட்டும் 6,720 ரூபாய். துணி, நூல், தபால் எல்லாம் அதற்கு மேல். 699 ரூபாய் என்பது இரண்டு நாள் கூலி, அவ்வளவுதான். எந்தப் பக்கத்தில் எந்தப் பொருளைப் பார்த்தாலும் இந்தக் கணக்கை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிவிட்டு விலையைப் பாருங்கள். பாதிப் போலி அங்கேயே உதிர்ந்துவிடும்.

தோடர் வேலையிலிருந்தே தொடங்கலாம், அதிகம் போலியாவது அதுதான். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை இது. 2011 கணக்கெடுப்பின்படி தோடர்கள் சுமார் 2,000 பேர்தான். எம்ப்ராய்டரி போடுவது பெண்கள். ஆகவே ‘300 பீஸ் ரெடி ஸ்டாக், நாளைக்கே அனுப்புகிறோம்’ என்று எழுதியிருந்தால் அது எங்கே தைத்தது என்று கேட்டே ஆகவேண்டும். புவிசார் குறியீடு என்ற சொல்லை விளம்பரத்தில் போட்டிருப்பது மட்டும் எதற்கும் சாட்சி ஆகாது.

பார்க்கவேண்டிய இடம் துணியின் இரண்டு பக்கமும். தோடர் எம்ப்ராய்டரிக்குத் துணியில் டிசைன் வரைவதில்லை, வட்டச் சட்டத்தில் இறுக்குவதும் இல்லை. வெள்ளையோ பழுப்பு வெள்ளையோ ஆன முரட்டுப் பருத்தித் துணியில் ஊடும் பாவும் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும். அந்த இழைகளை எண்ணி எண்ணித்தான் ஊசி போகிறது. சிவப்பு, கறுப்பு நூல்தான் பிரதானம். இழை எண்ணிப் போடுவதால் வளைவான கோடு வரவே வராது. வளைவு போலத் தெரிவதும் கிட்டத்தில் பார்த்தால் படிப்படியாக ஏறியிருக்கும். ரோஜாப்பூவும் வளைந்த கொடியும் பளபளவென்று நிரப்பித் தைத்திருந்தால், அது அழகான எம்ப்ராய்டரியாக இருக்கலாம், தோடர் எம்ப்ராய்டரி இல்லை.

இன்னொன்று. ஒவ்வொரு வரிசை முடிந்து ஊசி திரும்பும் இடத்திலும் நூலைச் சுருக்கென்று இழுக்காமல் துளி தளர்த்தி விடுவார்கள். அங்கே குட்டிக் குட்டிக் கண்ணிகள் நிற்கும். விரலால் தடவினால் சொரசொரப்பாக எழும்பியிருக்கும். இதைப் பிசிறு, குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறவர்களும் உண்டு, அதைவிடப் பாவம் வேறில்லை. அந்தச் சொரசொரப்பான பக்கத்தைத்தான் தோடர்கள் வெளியே தெரியும்படி போர்த்துவார்கள். நூலைத் தளர விடுவதால்தான் துவைத்த பிறகும் துணி சுருண்டுகொள்வதில்லை. மெஷின் வேலையில் பின்பக்கம் மெல்லிய வெள்ளை பாபின் நூல் ஓடும், பேப்பர் மாதிரி ஒரு ஒட்டுத்துணியும் இருக்கும். பிரிண்ட் என்றால் பின்பக்கம் மொட்டையாக இருக்கும். ஆக, விற்பவரிடம் கேட்கவேண்டிய முதல் போட்டோ பின்பக்க போட்டோ. அதை அனுப்பத் தயங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

500 ரூபாய்க்குள் பரிசு தேடினால் புக்மார்க், சில்லறை பர்ஸ், கண்ணாடி உறை, போன் பவுச் இவைதான் சரியான இடம். வேலைப்பாடும் கைக்குள் அடங்கும், செய்தவருக்கும் கூலி நிற்கும். பவுச் வாங்கும்போது எம்ப்ராய்டரியை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அடிக்கடி கெட்டுப்போவது ஜிப். எம்ப்ராய்டரியை ஒருவர் போட்டு, தையல் மெஷினில் வேறொருவர் பையாக்கும்போது உள் லைனிங் கச்சிதமாக இல்லாவிட்டால் ஜிப் அதில் கடித்துக்கொள்ளும். ஜிப்பைத் திறந்து மூடும் ஐந்து விநாடி வீடியோ கேளுங்கள்.

துவைப்பதில் ஒரு எச்சரிக்கை. இப்போது பெரும்பாலும் அக்ரிலிக் நூல்தான் போடுகிறார்கள். இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் நேராக வைத்தால் நூல் நசுங்கிப் பளபளத்துவிடும், சூடு அதிகமானால் உருகியும் போகும். ஈரத்துணியை மேலே போட்டு மிதமான சூட்டில் தேயுங்கள். சிவப்பு சாயம் போகிறதா என்று முதலில் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்துவிட்டு, தனியாக, குளிர்ந்த தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போடுங்கள்.

குறும்பர் ஓவியம் பரிசாகக் கொடுக்கத் தோடர் எம்ப்ராய்டரியைவிட நல்ல பொருள் என்பது என் கணிப்பு, ஏனென்றால் அதிகம் பேர் பார்த்திருக்கமாட்டார்கள். கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையைச் சுற்றியுள்ள ஆலு குறும்பர் என்ற பழங்குடியினரின் வேலை. அந்தப் பகுதியின் எழுத்துப்பாறையில் உள்ள பாறை ஓவியங்களோடு சேர்த்துத்தான் இதைப் பேசுவார்கள். சுவரில் வரைந்த வழக்கம் இப்போது காகிதத்துக்கும் துணிக்கும் வந்திருக்கிறது. பாறையில் கொடி ஏணி கட்டித் தேன் எடுப்பது, வீடுகள், திருவிழா, காட்டு விலங்கு என்று குச்சி குச்சியான உருவங்கள். வேங்கை மரத்தைக் கீறினால் வடியும் பால்தான் அந்தச் செம்பழுப்பு நிறம். பச்சைக்கு இலைச்சாறு. எல்லாருமே இயற்கை நிறம் மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள் என்றில்லை. வாட்டர் கலரில் வரைவதும் உண்டு, அதில் தப்பு எதுவும் இல்லை, விலை மட்டும் அதற்கேற்ப இருக்கவேண்டும். ‘வேங்கைப் பாலா, வாட்டர் கலரா?’ என்று நேராகவே கேட்கலாம். ஒழுங்கான விற்பனையாளர் மழுப்பாமல் சொல்வார்.

பிரிண்டை ஒரிஜினல் என்று விற்பதுதான் இதில் நடக்கும் தில்லுமுல்லு. போனில் மேக்ரோவில் எடுத்த ஒரு குளோசப் கேளுங்கள். பிரிண்டில் நிறம் புள்ளி புள்ளியாகப் பிரியும். கையால் தீட்டியதில் கோடு தொடங்கும் இடத்தில் நிறம் தடித்து, போகப்போக வெளுத்திருக்கும். காகிதத்தைத் திருப்பினால் அங்கங்கே ஊறல் தெரியும்.

அளவு விஷயத்தில் ஒரே பேச்சு: ஏ4 அல்லது ஏ5 எடுங்கள். ரெடிமேட் ஃபிரேம் அந்த அளவுகளில் எல்லா ஊரிலும் கிடைக்கும். 11க்கு 17 அங்குலம் மாதிரி வித்தியாசமான அளவில் வாங்கினால், ஃபிரேம் கடைக்காரர் சொல்லும் விலை ஓவியத்தின் விலையைத் தாண்டிவிடும். படமும் கண்ணாடியும் ஒட்டாமல் நடுவே இடைவெளி விடும் மவுண்ட் போர்டு அட்டை வைத்து ஃபிரேம் போடச் சொல்லுங்கள். பிசின் கலந்த நிறம் கண்ணாடியில் நேராகப் பட்டால் ஈரக் காலத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் படத்தின் தோல் கண்ணாடியோடு போகும். நேர் வெயில் படும் சுவரும் வேண்டாம். ஏ4 வரைக்கும் இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக அனுப்பச் சொல்லுங்கள். பெரிய படம் குழாயில் சுருட்டித்தான் வரும். அப்போது குழாய் நான்கு அங்குல விட்டமாவது இருக்கட்டும். காலண்டர் சுருட்டுகிற ஒல்லிக் குழாயில் வந்தால் தடித்த நிறம் விரிசல் விடும்.

உண்ணிச்செடிப் பொருட்கள் பார்க்கக் கம்பீரம், அனுப்பத் தலைவலி. முதுமலைக் காடெல்லாம் பரவி மற்றச் செடிகளை நெருக்கும் அந்நியச் செடி அது. வெட்டிவந்து வேகவைத்து, பட்டையை உரித்து, சூடு இருக்கும்போதே வளைத்துச் செய்கிறார்கள். 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்ற உண்ணிச்செடி யானைகள் கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கைவினைஞர்கள் செய்தவைதான். வீட்டுக்கு ஆசைப்பட்டு ஒரு விளக்குக் கூடோ கூடையோ எடுக்கிறீர்கள் என்றால் எடையைப் பார்க்காதீர்கள், கன அளவைப் பாருங்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் வருவதுதான் கூரியர்காரர்கள் போடும் எடை. 30, 30, 25 செ.மீ. பெட்டி என்றால் 4.5 கிலோ. உள்ளே இருக்கும் கூடை 800 கிராம்தான் என்றாலும் நாலரைக் கிலோவுக்குத்தான் காசு. ஷிப்பிங் இவ்வளவா என்று விற்பவரிடம் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று கூடைகளாக எடுத்தால் அதே பெட்டியில் வரும். இல்லை தட்டையான தாம்பாளம், சின்ன பொம்மை என்று போங்கள்.

தேன்மெழுகு மெழுகுவர்த்தி வாங்கலாம், ஆனால் மாதம் பார்த்து. தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரியில். அதற்கு ரொம்ப முன்பே இளகிவிடும். ஏப்ரல், மே மாதத்தில் மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ இறங்கி ஒரு மதியம் முழுக்கத் தகர வேனில் நின்ற பார்சலில், உருவ மெழுகுவர்த்தி யானையாகப் புறப்பட்டு எருமையாக வந்து சேரும். ஜூன் முதல் பிப்ரவரி வரை நல்லது. வந்ததும் மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பூஞ்சணம் என்று பயப்பட வேண்டாம். அசல் தேன்மெழுகு குளிரில் அப்படித்தான் பூக்கும், மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும். எப்போதும் பளபளவென்று, வாசனை எண்ணெய் தூக்கலாக இருந்தால் பாரஃபின் கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். முதல்முறை ஏற்றும்போது மேற்பரப்பு முழுதும் உருகும்வரை எரியவிட வேண்டும். ஒரு அங்குல விட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு. பாதியில் அணைத்தால் நடுவில் குழி விழுந்து, ஓரம் கடைசிவரை எரியாது.

மண்பாண்டம் இரண்டு வகை. நீலகிரியின் இன்னொரு பழங்குடியான கோத்தர் பெண்கள் வனையும் கறுத்த பானைகள் ஒன்று. குறைந்த சூட்டில் சுட்டவை, தபாலில் அனுப்புவதற்கான பொருளே அல்ல. விற்பவர் உத்தரவாதம் கொடுத்தாலும் ஆன்லைனில் எடுக்காதீர்கள் என்பதே எங்கள் பேச்சு. மலைக்குப் போகும்போது நேரில் எடுங்கள், 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்பதை மறக்காமல். மற்றது கொடைக்கானல், கோத்தகிரிப் பக்கத்துச் சின்னச் சின்ன ஸ்டூடியோக்களின் ஸ்டோன்வேர் கோப்பைகள். 1,200 டிகிரிக்கு மேல் சுட்டவை, அனுப்பலாம். களிமண் காய்ந்து சுடும்போது பத்து சதவீதத்துக்கு மேல் சுருங்கும். அதனால் ஜோடிக் கோப்பையில் ஒன்று மற்றதைவிட ஒரு நூல் உயரமாக இருப்பது குறையல்ல. குறை என்பது வேறு: உள்பக்கக் கண்ணாடிப் பூச்சில் (கிளேஸ்) ஊசிமுனை ஓட்டை, மயிரிழை வெடிப்பு, அடியில் தேய்க்காமல் விட்ட முரட்டு வளையம். அந்த வளையம் உங்கள் டைனிங் டேபிளைக் கீறிவிடும். கொள்ளளவை மி.லி.யில் கேளுங்கள். போட்டோவில் பெரிய மக்காகத் தெரிவது வீட்டுக்கு வந்தால் 120 மி.லி. டீ டம்ளராக இருக்கும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், நல்ல விற்பனையாளர்கள் குமிழ் ஷீட்டுக்குப் பதிலாகச் செய்தித்தாளும் நெளி அட்டையும் வைத்துக் கட்டுவார்கள். கட்டத் தெரிந்தவர் கட்டினால் அது போதும். கோப்பைக்கு உள்ளேயும் தாள் திணித்திருக்கவேண்டும், பெட்டிச் சுவருக்கும் கோப்பைக்கும் நடுவே இரண்டு அங்குலம் இருக்கவேண்டும், பெட்டியைக் குலுக்கினால் எதுவும் அசையக் கூடாது.

கம்பளிக்கு ஒரே ஒரு வரி போதும்: ஊட்டியில் விற்பதெல்லாம் ஊட்டியில் பின்னியதல்ல. ஆனால் ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே மட்டும் தனி. அசல் குரோஷே போடும் மெஷின் இன்னும் சந்தைக்கு வரவில்லை, எங்கே வாங்கினாலும் அது கைவேலைதான். அதனாலேயே 99 ரூபாய்க்கு வரும் குரோஷே பொம்மையைப் பார்த்து ‘போலியா?’ என்று கேட்பதைவிட, ‘இதில் பின்னியவருக்கு எவ்வளவு போயிருக்கும்?’ என்று கேட்பது பொருத்தம்.

இனி, யாரிடம் வாங்குவது. கைவினைஞர்களோடு சேர்ந்து இயங்கும் அமைப்புகள் முதலாவது வகை. 1993இல் தொடங்கி, கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளையின் வழியில் உருவான லாஸ்ட் ஃபாரஸ்ட் இதற்கு உதாரணம். விலை ஒரே விலை, பில் வரும், கேள்வி கேட்க ஆள் உண்டு. கொஞ்சம் கூட விலை இருக்கலாம், அந்தக் காசு ஆள் வைத்துத் தரம் பார்ப்பதற்குப் போகிறது. இரண்டாவது, வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் விற்பவர்கள். விலை குறைவு, முழுக் காசும் செய்தவர் கைக்குப் போகும். ஆனால் பதில் வர இரண்டு நாள் ஆகும், மந்து எனும் தோடர் குடியிருப்புகளில் சிக்னல் அப்படி. மூன்றாவது, சமவெளி நகரங்களில் உட்கார்ந்துகொண்டு மலைப்பொருளை வாங்கி விற்பவர்கள். தப்பில்லை, யாரிடம் வாங்கினோம் என்று சொன்னால். நாலாவது, அடுத்தவர் போட்டோவைத் திருடிப் போட்டுக் கடை நடத்துபவர்கள். போட்டோவை கூகுள் லென்ஸில் போட்டால் அதே படம் ஐந்து பக்கங்களில் வந்து நிற்கும். முதல்முறை வாங்குபவர் முதல் வகையிடம் போய் அசல் எப்படி இருக்கும் என்று கையால் தொட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்தமுறை இரண்டாவது வகையிடம் போவதுதான் சரியான வரிசை.

வாட்ஸ்அப்பில் கேட்கும்போது சுற்றி வளைக்க வேண்டாம். இப்படி ஒரே மெசேஜ் போதும்: “வணக்கம் அக்கா. இந்த பர்ஸ் ஸ்டாக்ல இருக்கா, ஆர்டர் எடுத்துத்தான் செய்வீங்களா? பின்பக்கம் ஒரு போட்டோ, பக்கத்துல ஸ்கேல் வச்சு ஒரு போட்டோ அனுப்புங்க. எந்த போஸ்ட் ஆபீஸ்லேர்ந்து போடுவீங்க? ஷிப்பிங் சேர்த்து மொத்தம் எவ்வளவு?” ‘கொஞ்சம் குறைச்சுக்கோங்களேன்’ என்பதை இங்கே விட்டுவிடுங்கள். மூன்று எடுத்தால் ஷிப்பிங்கில் விட்டுத்தருவீர்களா என்று கேட்பது நியாயமான பேரம்.

எந்த போஸ்ட் ஆபீஸ் என்று கேட்பதில் காரணம் இருக்கிறது. ஸ்பீட் போஸ்ட் டிராக்கிங்கில் புக் செய்த அலுவலகத்தின் பெயர் வரும். மலை ஊர்களின் பின்கோடுகள் இவை: ஊட்டி 643001, குன்னூர் 643101, கோத்தகிரி 643217, கூடலூர் 643212, கொடைக்கானல் 624101. ‘எங்கள் மலையிலிருந்து உங்கள் வீட்டுக்கு’ என்று விளம்பரம் செய்த பார்சல் வேறு மாநிலத்துத் தொழிற்பேட்டை ஒன்றில் புக் ஆகியிருந்தால் வேறு விளக்கமே வேண்டாம்.

பணம் அனுப்பும்போது யுபிஐயில் வரும் பெயரும் விற்பவர் சொன்ன பெயரும் ஒன்றா என்று பாருங்கள். ஆர்டர் செய்து தரும் பொருளுக்குப் பாதி அட்வான்ஸ், மீதி அனுப்பும் முன் போட்டோ பார்த்துவிட்டு. ரீஃபண்ட் தருகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பர் போடுங்கள் என்று யாராவது சொன்னால் அது மோசடி, பணம் வாங்க யாரும் பின் நம்பர் போடவேண்டியதில்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. பொருள் மாறி வந்து விற்பவர் கைவிரித்தால் நுகர்வோர் உதவி எண் 1915. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி விற்பவர் பெயர், முகவரி, மொத்த விலை எல்லாம் காட்டியாகவேண்டும்.

கல்யாணம், கிரகப்பிரவேசத்துக்கு ரிட்டர்ன் கிஃப்ட் தேடி வருகிறவர்கள்தான் அதிகம் சங்கடப்படுகிறார்கள். 120 பவுச், பத்து நாளில் வேண்டும் என்றால் நடக்காது. ஒருவர் நாளைக்கு இரண்டு போடுவார் என்று வையுங்கள், நான்கு பேர் சேர்ந்தாலும் 15 நாள். மேலே தைத்துப் பையாக்க ஒரு வாரம், பார்சல் ஒரு வாரம். மார்கழி விரதம், ஊர்த் திருவிழா, சாவு வீடு என்று இடையில் நாலு நாள் போகும். ஒன்றரை மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்’ என்று கேட்காமல் நிறமும் அளவும் மட்டும் ஒன்றாக இருக்கட்டும் என்று விட்டால் வேலையும் வேகமாகும், பொருளும் நன்றாக வரும். தீபாவளிக்கு என்றால் ஆகஸ்டிலேயே. அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை பிடித்தால் மலைப்பாதையில் மண் சரிந்து ஒருநாள் இரண்டுநாள் வண்டி நிற்கும், விற்பவரைத் திட்டிப் பயனில்லை.

பார்சல் வந்ததும் வெட்டும் முன்பே வீடியோ போட்டுவிடுங்கள், பெட்டியின் ஆறு பக்கமும் முகவரிச் சீட்டும் தெரியும்படி, நடுவில் நிறுத்தாமல். உடைந்த பொருளுக்கு மாற்றுத் தரும் விற்பனையாளர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். பனிக்காலத்தில் கட்டிய பெட்டிக்குள் மலை ஈரமும் சேர்ந்தே வரும். துணி, காகிதம், கூடை எதுவானாலும் அப்படியே கிஃப்ட் பேப்பர் சுற்றி அலமாரியில் பூட்டிவைக்காமல் அரைநாள் நிழலில் காற்றாட விடுங்கள். பூஞ்சணம் பிடித்தால் தோடர் துணியின் வெள்ளையில்தான் முதல் கரும்புள்ளி தெரியும். அதை உரசித் தேய்த்தால் எண்ணிப் போட்ட இழைகள் நகர்ந்துவிடும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, காற்றில் போடுங்கள்.